நலம் விசாரிக்க வராதவர்கள்
'த பிக் சிக்' திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

காதல் நகைச்சுவைப் படமொன்றுக்கு வைத்தியசாலை அத்துணை வசதியான களமல்ல. அங்கு நாயகனும் நாயகியும் ஓடிப்பிடித்து விளையாட முடியாது. உரத்துச் சிரித்தால் தாதி வந்து அதட்டுவாள். பார்வையாளர் நேரம் முடிந்தால் காதலனும் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருந்தும் ஹொலிவூட் இக்களத்தை விடாமல் நாடி வந்திருக்கிறது. நோயாளியின் கட்டிலைச் சுற்றி, சாதாரண நாளில் ஒருவரையொருவர் திரும்பியும் பாராத மனிதர்கள் மணிக்கணக்காகக் குந்தியிருக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் குந்தியிருப்பதில் அழுகையும் உண்டு, பகிடியும் உண்டு.

1995இல் ஜோன் டேர்டல்டோப் நெறிப்படுத்திய 'வைல் யூ வேர் ஸ்லீப்பிங்' படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். சான்ட்ரா புல்லக் அதில் சிக்காகோ நகரின் புகையிரத நிலையமொன்றில் பணியாற்றும் தனியாள். தண்டவாளத்தில் விழுந்த ஒருவனைக் காப்பாற்றுகிறாள். நினைவிழந்து கிடக்கும் அவனுக்கு இவள்தான் நிச்சயிக்கப்பட்ட பெண் என்று வைத்தியசாலையில் ஒரு தவறான கதை பரவ, அவனுடைய குடும்பம் அவளைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே வரித்துக்கொள்கிறது. தாயும் தகப்பனும் இல்லாத அவளுக்கு அந்தப் பொய்யை உடைக்க மனம் வருவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், அதே சிக்காகோவில், அதே போலொரு நினைவிழந்த நோயாளியின் கட்டிலருகே இன்னொரு காதல் நகைச்சுவைப் படம் வந்தது. மைக்கல் ஷோவால்டர் நெறிப்படுத்திய 'த பிக் சிக்'. இம்முறை கட்டிலருகே இருப்பவன் ஒரு முஸ்லிம் இளைஞன். அவனுக்குக் குடும்பம் இல்லாமலில்லை. தாய், தகப்பன், நானா, மதினி என்று மேசை நிறைய ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அந்த வைத்தியசாலைக்கு வரவில்லை. இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது பெரும்பாலும் அந்த ஒரு விடயத்தைத்தான்.

முதலில் பின்னணி. கராச்சியில் 1978இல் பிறந்து, பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று, ஒலிவாங்கியின் முன் தனியே நின்று பகிடி சொல்லும் கலைஞனாக வளர்ந்தவர் குமைல் நஞ்சியானி. 2007இல் அவருடைய தோழி எமிலி கோர்டன் திடீரென நோயுற்று, வைத்தியர்கள் அவரை மருந்தின் மூலம் ஆழ்மயக்கத்தில் வைத்தனர். அவ்வாண்டிலேயே இருவரும் மணமுடித்தனர். பத்தாண்டுகள் கழித்து கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்தெழுதிய திரைக்கதையே இப்படம். குமைல் தன்னைத் தானே நடிக்கிறார். எமிலியாக வருபவர் ஸோயி கஸான். 2017 ஜனவரி 20ஆம் திகதி, டொனால்ட் ட்ரம்ப் முதற்தடவை பதவியேற்ற அதே நாளில், சன்டான்ஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது. ஒரு வாரத்தில் ஏழு முஸ்லிம் நாட்டவர்களுக்கு அமெரிக்காவின் கதவு அடைக்கப்பட்டது. பாகிஸ்தான் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை என்றாலும், அந்த வருடம் இப்படத்தைப் பார்க்கப் போனவர்கள் எந்த மனநிலையில் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அமேஸன் நிறுவனம் 12 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. மறு வருடம் மூலத் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. அமெரிக்கப் படமொன்றில் துப்பாக்கியோ வெடிகுண்டோ இல்லாமல் ஒரு முஸ்லிம் குடும்பம் மேசையில் அமர்ந்து சோறு உண்ணுவதைக் கண்டதே பெரிய ஆறுதல் என்று மகிழ்ந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஆறுதல் வேறு, விமர்சனம் வேறு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குமைல் இரவில் மேடையில் பகிடி சொல்கிறான். பகலில் ஊபர் கார் ஓட்டுகிறான். அவன் சட்டத்தரணியாக வேண்டும் என்பது பெற்றோரின் கனவு. உளவியல் படிக்கும் எமிலி ஒரு நாள் அவனது நிகழ்ச்சியின் நடுவே கூச்சலிட, அங்கிருந்து காதல் தொடங்குகிறது. தன் குடும்பத்திடம் அவன் அவளைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. அவள் தன் பெற்றோரைச் சந்திக்க அழைத்தாலும் சாக்குச் சொல்கிறான். ஒரு நாள் அவனது அறையில், சுருட்டுப் பெட்டியொன்றில், தாய் பார்த்து வைத்த பாகிஸ்தானியப் பெண்களின் படங்களை எமிலி காண்கிறாள். நாமிருவரும் சேர்ந்து வாழும் ஓர் எதிர்காலத்தை உன்னால் எண்ணிப் பார்க்க முடிகிறதா என்று கேட்கிறாள். தெரியவில்லை என்கிறான். பிரிகிறார்கள். அதற்குப் பின்தான் நோய். உடன் ஆளில்லை என்று ஒரு தொலைபேசி அழைப்பு வர, பிரிந்துபோன காதலன் வைத்தியசாலைக்குப் போகிறான். நுரையீரலில் தொற்று, உடனே மயக்கத்தில் வைக்க வேண்டும், யாராவது கையொப்பமிட வேண்டும் என்கிறார்கள். எந்த உரிமையும் இல்லாத அவன் கையொப்பமிடுகிறான். பிறகு அவளுடைய பெருவிரலை அவளது கையடக்கத் தொலைபேசியில் பதித்துத் திறந்து, அவளுடைய பெற்றோருக்கு அழைப்பு எடுக்கிறான். அந்தப் பெருவிரல் காட்சியில் ஒரு சிரிப்பு வருகிறது; அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரத்துக்கு எமிலி என்ற பாத்திரம் ஏறக்குறைய பேசுவதே இல்லை.

உண்மையில் நடந்தது 2007இல். ஊபர் நிறுவனம் தோன்றியதோ 2009இல். படத்தில் ஒரு மண்டபத்தில் குமைலை நோக்கி ஐ.எஸ். இயக்கத்திடம் திரும்பிப் போ என்று ஒருவன் கத்துகிறான். அந்தப் பெயர் உலகெங்கும் அடிபட்டது 2014இற்குப் பிறகு. ஆக, தங்கள் கதையை எழுத்தாளர்கள் ஒரு பத்தாண்டு முன்னகர்த்தியிருக்கிறார்கள். இது குற்றமல்ல. ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் நகர்த்தவில்லை. கார் அழைப்பதற்கும், பெருவிரலால் தொலைபேசி திறப்பதற்கும் வசதி வந்துவிட்ட அந்தச் சிக்காகோவில், தாய் மட்டும் இன்னும் காகிதத்தில் அச்சடித்த படங்களையே மகனிடம் கொடுக்கிறாள். பெட்டிக்குள் போட்டு ஒளித்து வைக்க ஒரு பொருள் திரைக்கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் எல்லோருக்கும் காலம் நகர்ந்திருக்க, தாய்க்கு மட்டும் நகரவில்லை என்பது கவனிக்க வேண்டியதுதான். இப்படம் தன் பாத்திரங்களுக்குக் காலத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதற்கு இது ஒரு சிறு அடையாளம்.

தொழுகைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொழுதுவிட்டு வா என்று தாய் மகனை வீட்டின் கீழறைக்கு அனுப்புகிறாள். அவன் முஸல்லாவை விரிக்கிறான். தொலைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு மணி வைக்கிறான். அந்த ஐந்து நிமிடமும் வேறு ஏதாவது செய்து பொழுதைப் போக்குகிறான். மணி அடித்ததும் முஸல்லாவைச் சுருட்டிக்கொண்டு மேலே வருகிறான். தொழுகையைக் கேலி செய்துவிட்டார் என்று இதைக் கண்டித்தவர்களை நான் அறிவேன். என் வாசிப்பு அதுவல்ல. கேலி தொழுகையின் மீதல்ல, அவனது பொய்யின் மீது. பொய்யாவது கொஞ்சம் அவசரமாக இருக்கலாமே. இல்லை, சரியாக ஐந்து நிமிடம். தொழாதவனுக்கும் தொழுகைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உடம்பில் ஊறியிருக்கிறது. பெற்றோரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் கீழறையில் தனியே இருந்து ஐந்து நிமிடத்தைக் கழிக்கும் அந்த வளர்ந்த மனிதனைப் பார்க்கையில் எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு விதத் துக்கமே வந்தது. பின்னர் அவன் பெற்றோரிடம் நான் பல வருடமாகத் தொழவில்லை, எதை நம்புகிறேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லும்போது, புதிதாக எந்தக் கொள்கையையும் கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்வதில்லை. தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அவன் நிற்கும் இடத்தில் நான் நிற்கவில்லை. ஆனால் அந்த இடத்தை அவன் பொய்யில்லாமல் காட்டியிருக்கிறான் என்பதை மறுக்க முடியாது.

இனி அந்தப் பெண்கள். ஒவ்வொரு முறையும் குடும்பமாகச் சாப்பிட அமர்ந்ததும் வாசல் மணி அடிக்கும். யாராக இருக்கும் என்று தாய் வியப்பது போல் நடிப்பாள். வந்திருப்பது இந்தப் பக்கமாகப் போகும் வழியில் தற்செயலாக எட்டிப் பார்த்த ஒரு பெண். அடுத்த வாரம் இன்னொரு பெண், அதே தற்செயல். தாயாக நடிக்கும் ஸெனோபியா ஷ்ரொஃப் இந்தத் திரும்பத் திரும்ப வரும் பகிடியை மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறார். ஆனால் மூன்றாவது, நான்காவது பெண் வந்து போகையில், நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி எழவே செய்கிறது. ஒருத்தி, குமைலுக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து அறிந்து, அதிலிருந்து ஒரு வசனத்தைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மண்டபமே சிரிக்கும் இடம் அது. ஓர் அந்நியன் முன்னிலையில் தன்னை ஏற்புடையவளாகக் காட்ட ஒரு பெண் எவ்வளவு தயாரிப்புச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எமிலி கூச்சலிட்டால் அது குறும்பு. இவள் ஒரு வசனம் சொன்னால் அது அசடு. இருவருமே ஒருவனின் கவனத்தைத்தான் கேட்கிறார்கள். படம் வெளிவந்த காலத்திலேயே தெற்காசியப் பெண் எழுத்தாளர்கள் சிலர் இதைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக எழுதினார்கள். எங்கள் ஆண்கள் திரையில் விடுதலை பெறும்போதெல்லாம், அந்த விடுதலைக்குக் கொடுக்கப்படும் விலை ஏன் எங்கள் முகமாகவே இருக்கிறது என்பது அவர்களின் ஆதங்கம். அது நியாயமானது.

அந்த நியாயத்தை எழுத்தாளர்களும் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு கதீஜா சாட்சி. வெல்லா லொவெல் நடித்த அந்தப் பாத்திரம் சில நிமிடங்களே வருகிறது. அவளுடன் கதைக்க குமைலுக்கும் பிடிக்கிறது; நமக்கும் பிடிக்கிறது. அவன் வழமைபோல விலகி நின்று, உனக்கு என்னைவிட நல்லவன் கிடைக்க வேண்டும் என்ற பாணியில் இரக்கம் காட்டப் பார்க்கிறான். அவள் அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். இப்படி வீடு வீடாக வந்து தன்னைக் காட்டுவது தனக்கும் களைப்பாக இருக்கிறது, உன்னோடு கதைப்பது இலகுவாக இருந்தது, அதனால்தான் வந்தேன் என்ற கருத்தில் ஒரு சில வார்த்தைகள். என்னைப் பொறுத்தவரை படத்தின் ஆகச் சிறந்த காட்சி அதுதான். அதுவரை பெட்டிக்குள் கிடந்த படங்களில் ஒன்று எழும்பி வந்து பேசிவிடுகிறது. பேசிவிட்டு, கதையைவிட்டே போய்விடுகிறது. அவள் போன பிறகு படம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனச்சாட்சி ஒன்று இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு காட்சி போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

வைத்தியசாலைக்குத் திரும்புவோம். எமிலியின் பெற்றோர் வட கரோலினாவிலிருந்து வருகிறார்கள். தாய் பெத் ஆக ஹொலி ஹன்டர், தந்தை டெரி ஆக ரே ரொமானோ. மகளுக்கு இவன் செய்தது அவர்களுக்குத் தெரியும். நீ இருக்கத் தேவையில்லை, போகலாம் என்று பெத் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் போகவில்லை. அவன் ஏன் போகவில்லை என்பதற்குப் படம் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. நாற்காலியில் இருக்கிறான், அவ்வளவுதான். மூவரும் சிற்றுண்டிச்சாலை மேசையில் சங்கடத்துடன் அமர்ந்திருக்கையில், டெரி பேச்சுக்கு ஒரு வழி தேடி, செப்டெம்பர் 11 பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவனிடம் கேட்டுவிடுகிறான். ஒரு முஸ்லிமைக் கண்டால் அவனுக்குக் கேட்கத் தோன்றும் ஒரே கேள்வி. குமைல் முதலில் எதிர்ப்பதாகச் சொல்லி, அடுத்த மூச்சில், எங்கள் ஆட்களில் திறமையான பத்தொன்பது பேரை இழந்துவிட்டோமே என்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் வருந்துகிறான். மேசையில் மயான அமைதி. அது பகிடி என்று அவனே சொல்ல வேண்டியதாகிறது.

இந்தப் பகிடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். 2001இற்குப் பிறகு மேற்கில் வாழும் முஸ்லிம் ஒருவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒரு கண்டன அறிக்கை. எங்கே போனாலும் முதலில் அதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. படத்திலேயே, உணவகமொன்றில் நானாவும் தம்பியும் உரத்துச் சண்டை பிடிக்கையில் சுற்றியிருப்போர் திரும்பிப் பார்க்க, பயப்படாதீர்கள், நாங்களும் பயங்கரவாதிகளை வெறுக்கிறோம் என்று சொல்ல வேண்டி வருகிறது. சண்டை என்னவோ வீட்டுச் சண்டை. சிற்றுண்டிச்சாலைக் காட்சியில் குமைல் அந்த அறிக்கையை வாசிக்க மறுக்கிறான். சந்தேகத்தின் கூண்டில் நிற்பவன், நீதிபதியைப் பார்த்துப் பகிடி விடுகிறான். அதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவனுக்கு மேடையில் இருந்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேடையில் அவன் பாகிஸ்தானைப் பற்றிச் செய்யும் தனிநபர் ஆற்றுகை, கிரிக்கெட் விதிகளை நீட்டி முழக்கும் ஒரு சமூகக் கல்விப் பாடம். ஒருவருக்கும் சிரிப்பு வருவதில்லை. வைத்தியசாலைதான் அவனுக்குப் பகிடி சொல்லக் கற்றுக் கொடுக்கிறது.

பிறகு பெத்தும் டெரியும் அவனது நிகழ்ச்சியைப் பார்க்க வருகிறார்கள். முன்னர் குறிப்பிட்ட ஐ.எஸ். கூச்சல் அங்கேதான் எழுகிறது. குமைல் வழக்கப்பட்டவன் போல அதைத் தட்டிவிட்டுப் போகப் பார்க்க, பெத் எழும்பிச் சண்டைக்குப் போகிறாள். ஹொலி ஹன்டரின் உயரத்தையும் அந்த ஆளின் உயரத்தையும் ஒப்பிட்டால் சிரிப்பு வரும். வெள்ளையினத்தவர் ஒருவர் வந்து நம்மைக் காப்பாற்றும் பழைய கதைதானே இது என்று சலித்துக்கொள்ளவும் இடமுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவள் குமைலுக்காக மட்டும் சண்டை பிடிக்கவில்லை. மகளின் நோயை அவளால் அடிக்க முடியாது. அடிக்கக்கூடிய ஏதோ ஒன்று அன்று கையில் அகப்பட்டது. குமைலுக்கும் அப்படி ஓர் இடம் வருகிறது. காரில் இருந்தபடியே உணவு வாங்கும் துரித உணவுக் கடையில், கேட்டபடி கூடுதல் பாற்கட்டி வைக்கவில்லை என்று அவன் ஒலிபெருக்கியோடு பிடிக்கும் சண்டை. நோயாளியோடு இரவிரவாக இருந்தவர்களுக்கு அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று தெரியும்.

இவ்வாறு நாற்காலியில் குந்தியிருந்தே மூவரும் ஒரு குடும்பமாகிறார்கள். டெரி தான் மனைவிக்குச் செய்த துரோகத்தைக் கூட அவனிடம் சொல்லிவிடுகிறான். தவறான கேள்வி கேட்ட மனிதனுக்கு, வாசல் வரை துரத்திய மனுஷிக்கு, திருந்துவதற்கும் நெருங்குவதற்கும் படம் நாட்கணக்காக அவகாசம் கொடுக்கிறது. நம்மை உறுத்துவது இதன் மறுபக்கம்தான். இதே நாட்களில் குமைலின் தாய் எங்கே? அதே நகரத்தில்தான். தன் வீட்டில், மேசையில் சோறு வைத்துக்கொண்டு, மகன் வரவில்லையே என்று காத்திருக்கிறாள். மகன் ஒரு வைத்தியசாலை நாற்காலியில் உறங்குகிறான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்?

நோயாளியை நலம் விசாரிப்பது நம்மிடையே வெறும் பண்பாட்டுப் பழக்கமன்று. ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக எண்ணப்படுவது. அது முஸ்லிமுடன் நின்றுவிடுவதும் அல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவனது வீடு தேடிப் போய்த் தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பதை மதரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் அறியும். நோய் என்று கேள்விப்பட்டால் கோபதாபங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் ஏதாவது சாப்பாட்டுடன் போய் நிற்பது எங்கள் தாய்மாரின் இயல்பு. சண்டையை பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷர்மீன் என்ற அந்தத் தாய், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் சாகக் கிடக்கிறாள், என் மகன் அவளருகே இரவு பகலாக இருக்கிறான் என்று அறிந்திருந்தால், முதலில் கத்தியிருப்பாள், பிறகு சமைத்திருப்பாள், பிறகு வந்திருப்பாள் என்றே நான் நம்புகிறேன். பெத்துக்கும் ஷர்மீனுக்கும் ஒரே நாற்காலி வரிசையில் இடம் கொடுத்திருந்தால் எத்தகைய நகைச்சுவை கிடைத்திருக்கும்! மகளுக்காக ஒரு தாய், மகனுக்காக ஒரு தாய், நடுவில் இரு மொழி, ஒரு சாப்பாட்டுப் பாத்திரம். அந்தக் காட்சி எழுதப்படவில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் நான் அதிகம் தேடியது அந்த எழுதப்படாத காட்சியைத்தான்.

உண்மைக் கதை அப்படி நடக்கவில்லையே என்று சொல்வது பதிலாகாது. காலத்தைப் பத்தாண்டு நகர்த்தியவர்களுக்கு, ஒரு தாயைச் சில மைல் தூரம் நகர்த்த முடியாதா? உண்மையான காரணம் திரைக்கதையின் தேவை. எமிலியின் பெற்றோர் வைத்தியசாலையில் மனிதர்களாக மாறுகிறார்கள். குமைலின் பெற்றோர் சாப்பாட்டு மேசையில் தடையாகவே இருக்க வேண்டியிருக்கிறது. காதல் நகைச்சுவைக்குத் தடை ஒன்று வேண்டும். ஷேக்ஸ்பியர் காலம் முதல் தகப்பன்மார் அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் முஸ்லிம் குடும்பத்தைத் தடையாக வைப்பது மேற்கத்திய பார்வையாளருக்கு மிகவும் பழக்கப்பட்ட ஏற்பாடு. அதை ஒரு முஸ்லிம் எழுதினாலும் அது பழக்கப்பட்ட ஏற்பாடுதான்.

இன்னொன்று. குடும்பத்தின் எதிர்ப்பு எதன் பெயரால் நடக்கிறது என்பதைப் படம் கவனமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பாகிஸ்தானியப் பெண் என்பதும் முஸ்லிம் பெண் என்பதும் ஒரே மூச்சில் வந்து போகின்றன. வேதம் அருளப்பட்ட சமூகத்துப் பெண்களை முஸ்லிம் ஆண் மணப்பதற்கு அல்-மாஇதா அத்தியாயம் இடமளிக்கிறது. அதற்கு அறிஞர்கள் இட்ட நிபந்தனைகளும் தயக்கங்களும் வேறு கதை. எமிலி எந்த மதத்தவள் என்ற கேள்வியில் படம் அக்கறை காட்டவில்லை. ஆக, இங்கே மார்க்கம் என்ற பெயரில் பேசுவது பெரும்பாலும் ஊர், இனம், தராதரம் ஆகியவைதான். நம் கல்யாணப் பேச்சுகளிலும் இது நடக்காததா என்ன? இந்தக் குழப்பத்தைச் சற்றே கிளறியிருந்தால் படத்துக்குள் ஓர் உண்மையான வாதம் எழுந்திருக்கும். மார்க்கத்தைத் தெரிந்த ஒரு தகப்பனை எதிர்கொள்வது மகனுக்கு இன்னும் கடினமாக இருந்திருக்கும். இன்னும் வேடிக்கையாகவும் இருந்திருக்கும்.

தந்தையாக அனுபம் கேர். பாகிஸ்தானியத் தந்தையாக ஓர் இந்திய நடிகர் என்பது ஒரு தனி முரண்நகை. பெற்றோர் மகனின் அறைக்கே வந்து விசாரிக்கும் காட்சியில் குமைல் தன் மனதில் கிடந்ததைக் கொட்டுகிறான். அமெரிக்க வாழ்க்கை வாழக் கூடாது என்றால் என்னை ஏன் இங்கு அழைத்து வந்தீர்கள் என்று கேட்கிறான். எந்தப் புலம்பெயர்ந்த வீட்டிலும் ஒரு நாள் வெடிக்கும் கேள்வி அது. தந்தையின் பதில் எனக்குப் பிடித்தது. பிறரைப் பற்றி எண்ணாமல் உனக்குப் பிடித்ததையெல்லாம் செய்வதுதான் அமெரிக்கக் கனவு என்று நினைத்தாயா என்ற பொருள்பட அவர் சொல்கிறார். அனுபம் கேர் அதைக் கோபமாகச் சொல்லாமல் களைப்பாகச் சொல்கிறார். அந்த ஒரு வரியில், படம் தன்னையும் அறியாமல் மறுபக்கத்துக்குப் போய் நின்று பார்த்துவிடுகிறது. அத்துடன் அவர்கள் மகனைத் தலைமுழுகிவிட்டு எழும்பிப் போகிறார்கள்.

எமிலியின் நோய்க்கு இறுதியில் பெயர் தெரிகிறது: வயது வந்தோரைத் தாக்கும் ஸ்டில் நோய். 1897இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேய வைத்தியர் சிறுவர்களிடம் கண்டு எழுதியதை, 1971இல் எரிக் பைவாட்டர்ஸ் வளர்ந்தவர்களிடமும் அடையாளம் காட்டினார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வெறிகொண்டு உடலைச் சுடும் நோய். அதற்கென்று தனியான ஒரு பரிசோதனை இல்லை. வேறெதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து வந்துதான் முடிவுக்கு வர முடியும். தொற்றைத் தேடி வைத்தியர்கள் நாட்களைக் கடத்தியது அதனால்தான். காக்கும் சக்தியே வீட்டைச் சுடுவது என்ற இந்த நோயின் தன்மையை அந்தப் பெற்றோரோடு இணைத்துப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. படம் அந்த இணைப்பைச் செய்யவில்லை. நல்லது.

படத்தின் புத்திசாலித்தனம் எமிலி கண் விழித்த பிறகுதான் வெளிப்படுகிறது. 1995ஆம் ஆண்டுப் படத்தில் நினைவு திரும்புபவனை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றலாம், அவனும் ஏமாறுவான். இங்கே எமிலி, குமைலைக் கண்டதும் போகச் சொல்கிறாள். அவன் நாற்காலியில் இருந்தது, அழுதது, அவளது பெற்றோருக்குப் பிள்ளை போல் ஆனது எல்லாம் அவள் உறங்கிய நேரத்தில் நடந்தவை. அவளுக்குக் கடைசியாக நினைவிருப்பது அந்தச் சுருட்டுப் பெட்டி. நீ மாறிவிட்டாய் என்றால் அது உன் காரியம், நான் அதைப் பார்க்கவில்லையே என்பதுதான் அவளது நிலை. ஆணின் மனமாற்றத்துக்குப் பரிசாகப் பெண்ணைக் கொடுத்து முடிக்கும் வழக்கமான திரைக்கதைக்கு இது நல்ல அடி. இந்த இடத்தில் எமிலி கோர்டனின் கை தெரிகிறது என்று எண்ணுகிறேன். படுக்கையில் கிடந்தவரே எழுதியதால் வந்த தெளிவு அது. பின்னர் அவள் தானாகவே அவனைத் தேடி வருகிறாள், தன் காலத்தில், தன் காரணங்களுக்காக. அப்போது அவன் நியூயோர்க் போகத் தயாராகிவிட்டான்.

தன்னைத் தலைமுழுகிய வீட்டை குமைலும் விடவில்லை. அவர்கள் அவனோடு பேசுவதில்லை என்பதால், சொல்ல வேண்டியதை அட்டைகளில் எழுதிக் கொண்டுபோய் மேசை முன் நின்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். நீங்கள் என்னை வெளியேற்றினாலும் நான் வெளியேற மாட்டேன் என்பதே அதன் சாரம். வைத்தியசாலையில் பெத்திடம் செய்த அதே வேலை. போகச் சொன்னாலும் போகாமல் இருப்பது.

பிறகு புறப்படும் நாள். தந்தை வந்து மகனைக் கட்டித் தழுவி வழியனுப்புகிறார். தாயும் வந்திருக்கிறாள். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். அவள் சமைத்த புரியாணியைத் தந்தைதான் எடுத்துக் கொடுக்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை இல்லை. வழியில் பசிக்குமே என்ற கவலை மட்டும் ஒரு பாத்திரத்தில் கட்டி வந்திருக்கிறது. முன்பே சொன்னேன், எங்கள் தாய்மாரின் கோபத்துக்கும் சமையலுக்கும் தொடர்பில்லை என்று. ஷர்மீனை நன்றாக அறிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அதே பாத்திரத்தைக் கையில் கொடுத்து, ஒரு மாதம் முன்னதாக, வைத்தியசாலை வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கலாம்.